ஆள் நின்றால் ஏஜென்சி நிற்கும்: மட்டக்களப்பு, அம்பாறை மார்க்கெட்டிங் ஏஜென்சிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சம்மாந்துறையில் ரைஸ் மில் நடத்துபவர் தொழிலை மூடினாலும் மெஷினை விற்கலாம், காணியை விற்கலாம். மார்க்கெட்டிங் ஏஜென்சி நடத்துபவரிடம் விற்க என்ன இருக்கிறது? நாலைந்து லப்டொப், ஒரு கமரா, இரண்டு லைட். இதெல்லாம் இன்று எல்லாரிடமும் இருக்கிறது. கிளையன்ட் காசு தருவது அந்த லப்டொப்புக்கு முன்னால் இருக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் மூளைக்கும்தான். அந்தப் பிள்ளை எழும்பிப் போனால் தொழிலில் ஒரு பங்கும் கூடவே போய்விடுகிறது.

இது தெரிந்திருந்தும் கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரை பல ஏஜென்சிகளில் ஒரே கதைதான் நடக்கிறது. ஏஎல் முடித்த ஒருவரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுப்பார்கள். ஒரு வருடத்தில் அவர் கை தேறிவிடும். பிறகு கொழும்புக்கோ, கட்டாருக்கோ, வீட்டிலிருந்தபடியே டொலரில் வரும் வேலைக்கோ போய்விடுவார். மனம் வெறுத்த முதலாளி, “பழக்கிவிட்டால் போயிடுவாங்க” என்று சொல்லி அடுத்தவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமல் விடுவார். அடுத்தவர் ஆறே மாதத்தில் போவார். பழக்கினாலும் பழக்காவிட்டாலும் போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். பழக்கப்படாமல் தங்கிவிடுகிறவரால்தான் கூடிய நட்டம், ஏனென்றால் கிளையன்டும் அவரோடு சேர்ந்து தேய்ந்துபோகிறார்.

உலகத்தின் பெரிய விளம்பர நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கும் காலம் இது. 2025 நவம்பரில் ஒம்னிகொம், இன்டர்பப்ளிக் குழுமத்தை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே ஆயிரக்கணக்கான வேலைகளைக் குறைப்பதாகவும், 1949ல் தொடங்கிய டிடிபி என்ற பழம்பெரும் ஏஜென்சிப் பெயரை நிறுத்துவதாகவும் அறிவித்தது. யாருக்கும் சொந்தமாகாமல் தனித்து நிற்கும் ஏஜென்சிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. லாபத்தை எங்கே போடுவது என்று பங்குச்சந்தையிடம் கேட்கத் தேவையில்லை, நாமே முடிவெடுக்கலாம். அதை ஆட்களில் போடச் சொல்லித்தான் இந்த வழிகாட்டி. படிகளின் ஒழுங்கு முக்கியம். முதல் படியைச் செய்யாமல் இரண்டாவதுக்குப் போனால் கையில் காசு இல்லாமல் நல்ல எண்ணம் மட்டும்தான் மிஞ்சும்.

படி 1: ஒரு ஆளின் ஒரு மணி நேரம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

நம் ஊரில் விலை சொல்வது பெரும்பாலும் பக்கத்துக் கடையைப் பார்த்துத்தான். “அவர் போஸ்ட் ஒன்றுக்கு ஆயிரம் வாங்குகிறார், நான் எண்ணூறுக்குச் செய்கிறேன்.” இந்தப் போட்டியில் குறைகிற இருநூறு ரூபாய் யாருடைய சம்பளத்திலிருந்து குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு உதாரணம் எடுப்போம். உங்கள் டிசைனருக்கு மாதச் சம்பளம் 60,000 ரூபாய். முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎஃப்) 12 சதவீதம், அதாவது 7,200. ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம், அதாவது 1,800. மொத்தம் 69,000. ஒபிஸ் வாடகை, கரண்ட், இன்டர்நெட், மென்பொருள் சந்தா, லப்டொப் தேய்மானம் ஆகியவற்றில் அவர் பங்குக்கு 25,000 வைப்போம். ஆகவே அந்த ஒரு நாற்காலிக்கு மாதம் 94,000 போகிறது.

இப்போது நேரம். வாரம் 45 மணி என்றால் மாதத்துக்குச் சராசரி 195 மணி. அரச விடுமுறை, போயா, அவருடைய சொந்த லீவு எல்லாம் கழித்தால் 160 சொச்சம் வரும். கூட்டம், கிளையன்டோடு போன், திரும்பத் திரும்பத் திருத்தம், கீழே நான் சொல்லப்போகிற படிப்பு நேரம் ஆகியவற்றையும் கழியுங்கள். கிளையன்டுக்கு உண்மையில் பில் போடக்கூடியது 110 மணி இருந்தால் நல்ல ஒபிஸ். 94,000த்தை 110ஆல் வகுத்தால் மணிக்கு 855 ரூபாய்.

சரி, ஒரு புடவைக்கடை வருகிறது. மாதம் 12 போஸ்ட், இரண்டு வீடியோ, பேஜுக்கு வரும் மெசேஜுக்குப் பதில். போஸ்டுக்கு இரண்டு மணி வைத்தால் 24, வீடியோ ஒன்றுக்கு எட்டு மணி வைத்தால் 16, மெசேஜுக்கும் மாத அறிக்கைக்கும் பத்து. மொத்தம் 50 மணி. அடக்கச் செலவு மட்டும் 42,750 ரூபாய். இதை 25,000க்கு எடுத்தால் மாதம் 17,750 ரூபாயை உங்கள் ஊழியரின் எதிர்காலத்திலிருந்து எடுத்து அந்தக் கடைக்குக் கொடுக்கிறீர்கள். விலையில் இருபது சதவீதம் லாபமாக நிற்கவேண்டும் என்றால் கேட்கவேண்டிய விலை சுமார் 53,500.

கடைக்காரர் அதைக் கேட்டு அதிர்ச்சியாகலாம். அப்போது விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். 12 போஸ்டுக்குப் பதில் ஐந்து நல்ல போஸ்டும் ஒரு வீடியோவும் கொடுத்தால் மெசேஜ், அறிக்கையோடு 28 மணி, அதே லாபத்தோடு சுமார் 30,000 ரூபாய். அதுவே அவருக்கு வியாபாரம் கொண்டுவரும். மாதம் 30 போஸ்ட் போட்டு யாரும் வாசிக்காத பேஜ்கள் கிழக்கு மாகாணம் முழுக்கக் கிடக்கின்றன.

இன்னொன்று, விளம்பரத்துக்கு மெட்டாவுக்கும் கூகுளுக்கும் போகும் காசை உங்கள் கூலியோடு கலக்காதீர்கள். “பூஸ்டோடு சேர்த்து 20,000” என்று ஒரே தொகையாகப் பேசினால், விளம்பரத்துக்குக் கூடப் போகும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் ஆளின் சம்பளத்திலிருந்தே போகும். இரண்டையும் பில்லில் தனித்தனி வரியாகப் போடுங்கள்.

படி 2: ஆளைத் தேடும் இடத்தை அகலப்படுத்துங்கள்

“தெரிந்தவரின் பொடியன்” என்ற ஒரே வழியில் ஆள் எடுத்தால் எல்லாரும் ஒரே தெரு, ஒரே பாடசாலை, ஒரே ரசனையாக இருப்பார்கள். நம்மைச் சுற்றி எவ்வளவு இருக்கிறது பாருங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இரண்டிலும் முகாமைத்துவமும் வணிகமும் படிக்கிறவர்கள். சம்மாந்துறையில் தென்கிழக்கின் பிரயோக விஞ்ஞான பீடம். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். அங்கே கட்புலக் கலை படித்த ஒரு பிள்ளைக்கு நிறமும் இடைவெளியும் கையில் ஊறியிருக்கும், மென்பொருளை மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுத்தால் போதும். நாடகம் படித்தவர் வீடியோவில் ஆட்களைப் பேசவைப்பார். இந்தப் பிள்ளைகளை நம் ஏஜென்சிகள் ஏன் தேடிப் போவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

நேர்முகத்தில் சான்றிதழைப் புரட்டுவதைவிட ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் மூன்று போட்டோவைக் கொடுத்து, “கொழும்பில் இருக்கும் ஒருவர் இதை வாங்கும்படி ஒரு போஸ்ட் செய்து, அதற்கு எழுத்தும் எழுதித் தாருங்கள்” என்று சொல்லுங்கள். செய்து முடித்ததும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். டிசைன் சுமாராக இருந்தாலும் காரணம் தெளிவாகச் சொல்கிறவரை எடுக்கலாம். அழகாகச் செய்துவிட்டு, “சும்மா நல்லாயிருந்திச்சு” என்கிறவரைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்த ஒரு நாள் வேலைக்குக் காசு கொடுங்கள். எடுக்காதவருக்கும் கொடுங்கள். “செம்பிள்” என்று பெயர் சொல்லி பத்துப் பேரிடம் இலவசமாக டிசைன் வாங்கும் பழக்கம் நம் தொழிலுக்கே கெட்ட பெயர். மட்டக்களப்பு சின்ன ஊர், காத்தான்குடி அதைவிடச் சின்னது, யார் எப்படி நடத்துகிறார்கள் என்ற செய்தி ஒரு நாளில் சுற்றிவிடும்.

படி 3: கடிதம், ஈபிஎஃப், நேரம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது சட்டம், விவாதத்துக்கு இடமில்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். அதன்படி வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். நியமனக் கடிதத்தை வேலையில் சேரும்போதே கொடுக்கவேண்டும். ஒரு வருடம் பூர்த்தியானவருக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு. 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய்.

ஈபிஎஃப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடம் இருக்கிறது, “நாங்கள் மூன்று பேர்தானே, எங்களுக்கு வராது” என்று. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் வரும். பயிலுநர் காலத்திலும் வரும். ஊழியரின் 8 சதவீதம், உங்கள் 12 சதவீதம், இரண்டும் அடுத்த மாதம் முடிவதற்குள் போய்ச்சேரவேண்டும். தாமதித்தால் மிகைக்கட்டணம் ஏறும். ஈபிஎஃப் உள்ள வேலை என்றால் பெற்றோர் சம்மதிப்பார்கள், கலியாணப் பேச்சில் அது ஒரு வார்த்தை, பிற்காலத்தில் வீட்டுக் கடனுக்கும் உதவும். கொழும்புச் சம்பளத்தோடு உங்களால் போட்டி போட முடியாமல் இருக்கலாம். ஆனால் ஊரிலேயே ஒழுங்கான வேலை என்ற நிம்மதியைக் கொடுக்க முடியும்.

படி 4: முதல் மூன்று மாதத்தை ஒருவரின் பொறுப்பில் விடுங்கள்

புதிதாக வந்தவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, “பார்த்துப் பழகு” என்று சொல்வதுதான் நம் வழக்கம். பார்த்துப் பழகுவது நல்லதுதான், யாரைப் பார்த்து என்பதைத் தீர்மானியுங்கள். பழைய ஊழியர் ஒருவரிடம் இந்தப் பிள்ளை உங்கள் பொறுப்பு என்று சொல்லி, அவருடைய வழக்கமான வேலையில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். வேலையைக் குறைக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அது தண்டனை.

முதல் மாதம் புதியவர் கிளையன்ட் வேலையைத் தனியாக அனுப்பவேண்டாம். ஏஜென்சியின் சொந்தப் பேஜுக்கும், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், விளையாட்டுக் கழகம் போன்ற இடங்களுக்கு நீங்கள் இலவசமாகச் செய்யும் வேலைக்கும் டிசைன் செய்யட்டும். இரண்டாவது மாதம் ஒரு சின்ன கிளையன்ட், கடைசிப் பார்வை மூத்தவருடையது. மூன்றாவது மாதம் கிளையன்டின் கடைக்கே போய் அரை நாள் நிற்கட்டும். கல்முனையில் ஒரு நகைக்கடை கவுண்டருக்குப் பின்னால் மூன்று மணி நேரம் நின்று, வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள், எந்த விலையில் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்த பிள்ளை எழுதும் கேப்ஷன் வேறு மாதிரி இருக்கும். இதற்கு எந்தக் கோர்ஸும் ஈடில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வேலையைத் திருத்தும்போது வட்ஸ்அப் குரூப்பில் எல்லாருக்கும் முன்னால் சிவப்பு வட்டம் போடாதீர்கள். பக்கத்தில் இருந்து, “தம்பி, இந்த விலை ஏன் மூலையில் இருக்கு?” என்று கேளுங்கள். பாராட்டைக் குரூப்பில் போடலாம்.

படி 5: படிப்புக்கு நேரத்தைக் கணக்கில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வாரத்தில் அரை நாள், எல்லாரும், சம்பளத்தோடு, படிப்பு மட்டும். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் என்பேன். எப்படியும் ஜும்ஆவுக்குக் கடைகள் மூடுவதால் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சாய்ந்தமருது கிளையன்ட்களின் போன் அன்று குறைவாக வரும். படிப்பு முடிய முஸ்லிம் ஊழியர்கள் நேரத்தோடு தொழுகைக்குப் போகலாம்.

எதைப் படிப்பது? கூகுளின் ஸ்கில்ஷொப், மெட்டாவின் புளூபிரிண்ட் இரண்டிலும் விளம்பரம் பற்றிய பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தடை காசு இல்லை, மொழி. அந்த ஆங்கிலத்தைப் பார்த்தே பல பிள்ளைகள் மூடிவிடுகிறார்கள். ஆகவே ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருவர் ஒரு பாடத்தைப் படித்துவந்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லித்தரவேண்டும், அதுவும் நம்முடைய ஒரு கிளையன்டை உதாரணமாக வைத்து. “ஒருமுறை பேஜுக்கு வந்து வாங்காமல் போனவர்களுக்குத் திரும்ப விளம்பரம் காட்டுவது” என்பதை ஓட்டமாவடியில் பர்னிச்சர் கடைக்கு எப்படிச் செய்வது? அப்படிச் சொல்லும்போது சொல்கிறவருக்குத்தான் முதலில் விளங்கும். ஆறு மாதத்தில் உங்களிடம் ஒரு தமிழ்ப் பாடக்குறிப்பே சேர்ந்துவிடும். அதைக் கோப்பாக வைத்திருங்கள், அடுத்து வருகிறவருக்கு அதுதான் முதல் புத்தகம்.

ஏஐ கருவிகளையும் இந்த நேரத்தில்தான் சேர்ந்து பார்க்கவேண்டும். படத்தை அவை நொடியில் தருகின்றன. தமிழ் எழுத்தைப் படத்துக்குள் போடும்போது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். பொங்கல் போஸ்டில் வேறு நாட்டு முகமும் வேறு ஊர் உடுப்பும் வந்துவிடும். நோன்புப் பெருநாள் போஸ்டில் நம் பள்ளிவாசலுக்குச் சம்பந்தமே இல்லாத கட்டடம் நிற்கும். இதைக் கண்டுபிடிக்கிற கண்தான் இனி உங்கள் ஏஜென்சியின் பெறுமதி. கருவி வந்துவிட்டது என்று ஆளைக் குறைக்கிறவர்கள் அந்தக் கண்ணையும் சேர்த்துக் குறைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பெருநாள் சீசன் வந்ததும் முதலில் வெட்டப்படுவது இந்த அரை நாள்தான். ஒருமுறை வெட்டினால் அது திரும்ப வராது. மிக நெருக்கடியான வாரத்தில் அரை நாளை ஒரு மணி நேரமாகச் சுருக்குங்கள், இல்லாமல் மட்டும் ஆக்காதீர்கள்.

படி 6: பெண்கள் தங்கும்படி ஒபிஸை ஒழுங்குபடுத்துங்கள்

கம்பஸிலிருந்து வரும் திறமையான பிள்ளைகளில் எத்தனையோ பேர் பெண்கள். கலியாணம் அல்லது முதல் குழந்தையோடு அவர்கள் வேலையை விடும்போது, அது இயற்கை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல நேரம் காரணம் பஸ்தான். ஆறு மணிக்குப் பிறகு படுவான்கரைக்கோ, திருக்கோவில் பக்கம் உள்ளூருக்கோ போவது ஒரு இளம் பெண்ணுக்குச் சிரமம், வீட்டில் தினமும் கேள்வி வரும். வேலையை நாலரைக்கு முடித்து அனுப்புங்கள். பிந்தினால் ஓட்டோக் காசு ஏஜென்சியுடையது. பெண்களின் இரவு வேலைக்குச் சட்டத்தில் தனி விதிகள் இருக்கின்றன, அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு பத்து மணிக்குக் கிளையன்ட் ஒருவர் பெண் ஊழியரின் சொந்த நம்பருக்கு மெசேஜ் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்தவேண்டும். ஏஜென்சிக்குத் தனி நம்பர், தனி வட்ஸ்அப். ஊழியர்களின் நம்பர் எந்தக் கிளையன்டிடமும் போகக்கூடாது.

பிரசவ விடுமுறை சட்டப்படி 84 வேலை நாட்கள். சின்ன ஏஜென்சிக்கு இது பாரம் என்று சொல்வார்கள். பாரம்தான். ஆனால் மூன்று வருடம் பழகிய ஒருவர் போய்விட்டால், அவர் இடத்துக்குப் புதிய ஒருவரை அந்த அளவுக்குக் கொண்டுவர ஆகும் மாதங்களை எண்ணிப் பாருங்கள். அவர் திரும்பி வரும்போது முதல் சில மாதம் பாதி நாள் ஒபிஸ், பாதி நாள் வீடு என்று வைத்துக்கொடுங்கள். எழுத்து, டிசைன், விளம்பரக் கணக்குப் பார்ப்பது எல்லாம் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைகள்தானே. களுவாஞ்சிக்குடியிலோ நிந்தவூரிலோ வீட்டில் இருக்கும் ஒரு தாய், கொழும்பு ஏஜென்சிக்குக் கிடைக்காத அனுபவசாலி. அவரை விட்டுவிடாதீர்கள்.

படி 7: மூன்று மொழியையும் ஊர் அறிவையும் சம்பளத்தில் காட்டுங்கள்

அம்பாறை மாவட்டத்தில் வேலை செய்தால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். அம்பாறை நகரக் கடைக்குச் சிங்களம், அறுகம்பைக் கபானாவுக்கும் பாசிக்குடா ஹோட்டலுக்கும் ஆங்கிலம், மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ். சிங்களம் பேசத் தெரிந்த ஒரே ஊழியரை எல்லாரும் மொழிபெயர்ப்புக்குக் கூப்பிடுவார்கள், அவருடைய சொந்த வேலை அப்படியே கிடக்கும், வருட முடிவில் அவருக்குச் சதமும் கூடியிருக்காது. மொழிக்கு மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றை எழுத்தில் வையுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு வகுப்புக் காசை நீங்கள் கட்டுங்கள்.

ஊர் அறிவும் அப்படித்தான். பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில் வீட்டுக்கு வரும்போது மோட்டார்சைக்கிளும் வீட்டுச் சாமானும் விற்கும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் சனம் கூடும்போது நகரத்துக் கடைகளின் ஓட்டம் வேறு. நோன்பின் கடைசிப் பத்து நாளில் காத்தான்குடிப் புடவைக்கடைகள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். அந்த நேரம் விளம்பரம் மாலை ஐந்து மணிக்கு ஓடிப் பயனில்லை. இதெல்லாம் தெரிந்த ஊழியர் கொழும்பு ஏஜென்சியால் வாங்க முடியாத சொத்து. வருட நாட்காட்டி ஒன்றை ஊழியர்களையே சேர்ந்து தயாரிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொருவரும் தன் ஊரின் திருவிழா, கந்தூரி, அறுவடை, பரீட்சைக் காலம் எல்லாவற்றையும் எழுதட்டும். அந்த நாட்காட்டியை வைத்துக் கிளையன்டிடம் பேசும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 8: கெட்ட கிளையன்டை விடும் துணிவு

ஊழியர்களை ஏசுகிற, நள்ளிரவில் போன் எடுக்கிற, ஒன்பதாவது திருத்தத்துக்குப் பிறகு முதலாவதே நல்லது என்கிற கிளையன்ட் ஒருவர் எல்லாரிடமும் இருப்பார். ஒப்பந்தத்தில் இரண்டு திருத்தம் மட்டும் என்று எழுதுங்கள், மூன்றாவதற்குக் காசு. பில் காசு 30 நாளுக்கு மேல் பிந்தினால் வேலை நிற்கும் என்றும் எழுதுங்கள். ஏசுகிறவரிடம் நீங்களே நேரில் போய் ஒருமுறை பேசுங்கள். “அண்ணன், பிள்ளைகளோடு இப்படிப் பேசினால் எங்களுக்குத் தொடர முடியாது.” முஸ்லிம் கடை என்றால், “நானா, கோபம் இருந்தால் எனக்கு எடுங்க, பிள்ளைகளுக்கு எடுக்கவேண்டாம்.” மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். அதற்கும் மாறாவிட்டால் அந்த மாதத்தோடு முடித்துவிடுங்கள். முதலாளி தங்களுக்காக ஒரு வருமானத்தை விட்டார் என்பதை ஊழியர்கள் மறக்கமாட்டார்கள்.

ஒரே கிளையன்ட் உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் இருந்தால் இந்தத் துணிவு வராது. ஆகவே யாரும் மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

படி 9: மாரிக்கு முன் மூன்று மாதச் சம்பளம்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை நம் பக்கம் மழை. பாசிக்குடா, அறுகம்பை சீசன் அதற்கு முன்னரே முடிந்திருக்கும், கடைகளில் ஓட்டம் குறையும், சில வருடம் வெள்ளம் வந்து பாதையே அறுந்துவிடும். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கம் பட்ட துயரம் யாருக்கும் மறக்காது. அந்த மாதங்களில் சம்பளம் பிந்தினால் ஊழியர் வேறு இடம் தேடத் தொடங்குவார்.

ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை வரும் ஒவ்வொரு பில்லிலிருந்தும் பத்து சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். மூன்று மாதச் சம்பளம் சேரும்வரை அந்தக் கணக்கைத் தொடவேண்டாம். புது கமரா வாங்கும் ஆசை வரும்போது முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். மழைக்காலத்தில் கிளையன்ட் வேலை குறைவதால் அடுத்த சீசனுக்கான வீடியோத் திட்டம், பழைய வேலைகளின் ஆய்வு, பாடக்குறிப்பு எல்லாவற்றையும் அப்போது வைத்துக்கொள்ளலாம். வெள்ளம் என்றால் யாரும் ஒபிஸுக்கு வரவேண்டியதில்லை, சம்பளமும் வெட்டப்படாது என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

படி 10: ஏறிப்போக ஒரு ஏணியும், லாபத்தில் ஒரு பங்கும்

ஐந்து பேர் உள்ள இடத்தில் பதவி உயர்வு எங்கே என்று கேட்பீர்கள். பதவிப் பெயர் முக்கியமில்லை, பொறுப்பும் சம்பளமும் சேர்ந்து ஏறவேண்டும். மூன்று நிலைகள் போதும். சொன்னதைச் சரியாகச் செய்கிறவர், ஒரு கிளையன்டை முழுதாகத் தாங்குகிறவர், புதியவர்களையும் தாங்கிப் புது வேலையும் கொண்டுவருகிறவர். ஒவ்வொரு நிலைக்கும் என்ன தெரிந்திருக்கவேண்டும், சம்பளம் எந்த அளவு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனியாக ஒரு மணி நேரம் இருந்து அந்தப் பக்கத்தை வைத்துப் பேசுங்கள்.

லாபப் பங்கு பற்றிப் பேசினால் பலர் தயங்குவார்கள். வெளியே இது புதிதல்ல. 1995ல் ஒம்னிகொம் வாங்கிய சியட் டே ஏஜென்சியின் லண்டன் ஒபிஸ் இணைய மறுத்துத் தனியாகப் பிரிந்து, செயின்ட் லூக்ஸ் என்ற பெயரில் ஊழியர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஏஜென்சியைத் தொடங்கியது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1982ல் தொடங்கிய வீடன் கென்னடி, நைக்கியின் விளம்பரங்களால் உலகப் புகழ் பெற்ற பிறகும் விற்கப்படவில்லை. அதன் நிறுவனர் டான் வீடன், யாரும் விற்க முடியாதபடி பங்குகளை ஒரு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்துவிட்டார்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு இப்போது தேவையில்லை. வருட லாபத்தில் பத்து சதவீதத்தை ஊழியர்களுக்கு ஒதுக்குங்கள். லாபம் 12 லட்சம் என்றால் 1,20,000. அதில் பாதியைச் சமமாகவும், பாதியைச் சேவை வருடத்தின்படியும் பிரியுங்கள். இது பலிக்க ஒரே நிபந்தனை, கணக்கை அவர்களுக்குக் காட்டவேண்டும். லாபம் எவ்வளவு என்று தெரியாமல் கிடைக்கும் பணம் போனஸ் மாதிரி ஒரு தயவாகவே தெரியும். கணக்கு தெரிந்தால் இன்டர்நெட் பில்லிலிருந்து கிளையன்டின் நிலுவை வரை அவர்களே கவனிக்கத் தொடங்குவார்கள்.

பணிக்கொடைச் சட்டம், 15 பேர் அல்லது அதற்கு மேல் இருந்து, ஒருவர் ஐந்து வருடம் பூர்த்தி செய்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்கிறது. உங்களிடம் 15 பேர் இல்லாவிட்டாலும் இதையே உங்கள் வீட்டு விதியாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து வருடம் நிற்க ஒரு காரணம் கிடைக்கும்.

படி 11: போகிறவரை நல்லபடியாக அனுப்புங்கள்

எவ்வளவு செய்தாலும் சிலர் போவார்கள். அவர்களைத் தடுக்க ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைப்பது, இரண்டு வருடத்துக்குப் பாண்ட் எழுதி வாங்குவது போன்ற பழக்கங்கள் சில இடங்களில் இருக்கின்றன. இது அநியாயம். நாளைக்கு வரவேண்டிய நல்ல பிள்ளைகள் இதைக் கேட்டே ஒதுங்கிவிடுவார்கள். ஒரு மாத முன்னறிவிப்பு என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டால் போதும்.

அந்த ஒரு மாதத்தில் செய்யவேண்டியது, கிளையன்ட் பேஜ்களின் அனுமதிகளை மாற்றுவது. பேஜும் விளம்பரக் கணக்கும் எப்போதும் கிளையன்டின் பெயரில் இருக்கட்டும், ஏஜென்சிக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் போதும். ஊழியரின் சொந்தப் பேஸ்புக் கணக்கில் கிளையன்ட் பேஜ் தொங்கிக்கொண்டிருந்தால் பிரியும் நாள் சண்டையாகத்தான் முடியும். ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதவையுங்கள். எது ஓடியது, எது ஓடவில்லை, முதலாளிக்கு எது பிடிக்காது, எந்த நேரம் போன் எடுப்பார்.

கடைசிச் சம்பளத்தையும் லாபப் பங்கில் அவருக்குச் சேர்ந்த பகுதியையும் போகும் நாளிலேயே கொடுங்கள். சேவைச் சான்றிதழில் அவர் செய்த வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள், வேலைகளின் பிரதியைத் தன் போர்ட்போலியோவில் வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதியும் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு போன் எடுத்து விசாரியுங்கள். டோஹாவில் இருப்பவர் அங்கே உணவகம் நடத்தும் நம் ஊர்க்காரரின் வேலையை உங்களிடம் அனுப்பலாம். கொழும்பில் இருப்பவர் தன் ஏஜென்சிக்குத் தமிழ் எழுத்து தேவைப்படும்போது முதலில் உங்களைத்தான் நினைப்பார். ஊருக்குத் திரும்பி வர நினைக்கும் நாளில் அவருக்கு ஒரு கதிரை இருக்கிறது என்பதையும் அந்த போனிலேயே சொல்லிவிடுங்கள்.